மூணாவது ஸ்ட்ரைக் மண்ணில விழுந்தா

விதிப்புத்தகத்தை மூடி வைங்க. அதைப் பரீட்சைக்குப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க, நான் மறுபடி ஒப்பிச்சா தூங்கிடுவீங்க. எனக்கு முழங்கால் போயிடுச்சு, பிளேட்டுக்குப் பின்னால குந்த முடியாது. அதனாலதான் நாற்காலியில உட்கார்ந்து வாயாடிக்கிட்டிருக்கேன். புதுசா பேஸ்போல் அம்பயராகப் போறவங்களைப் பார்த்து எதுக்கு ரொம்பப் பயம்னு கேட்டா, வருஷா வருஷம் ஒரே பதில்தான் வருது. மூணாவது ஸ்ட்ரைக் கெச்சர் கையில நிக்காம விழுந்தா என்ன செய்றது டீச்சர்னு கேக்குறீங்க. இன்னைக்கு அதை மட்டும் பேசுவோம்.

பின் வரிசையில ரெண்டு பேர் கிரிக்கெட்ல இருந்து நேரா வந்திருக்கீங்க, உங்களுக்காக ஒரு தடவை விதியைச் சொல்லிடுறேன். நல்ல பந்தை அடிக்காம விட்டா ஸ்ட்ரைக், மூணு ஸ்ட்ரைக் ஆனா அடிக்கிறவ அவுட், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மூணாவது பந்தை, அடிக்கிறவளுக்குப் பின்னால குந்தியிருக்கிற கெச்சர் நிலத்துல படாம பிடிச்சிருக்கணும். மண்ணில பட்டு எழும்பினதைப் பிடிச்சா கணக்கில்ல. அந்த நேரம் முதல் பேஸ் காலியா இருந்தாலோ, ஏற்கனவே ரெண்டு பேர் அவுட்டாகியிருந்தாலோ, அடிக்கிறவ இன்னும் உசிரோடதான் இருக்கா. முதல் பேஸுக்கு ஓடலாம். கெச்சர் அவளைத் தொடணும், இல்லாட்டி பந்தை அவளுக்கு முன்ன முதல் பேஸுக்கு எறியணும். அவளே ஓடாம, அடிக்கிற இடமான பிளேட்டைச் சுத்தியிருக்கிற வட்டத்தைத் தாண்டி பெஞ்சுப் பக்கம் போயிட்டா, அப்பதான் அவுட். இவ்வளவுதான் விசயம். சொல்றதுக்கு அரை நிமிஷம். கிரவுண்ட்ல அது நடக்கறப்போ ஒம்பது பேர் ஒம்பது பக்கம் ஓடுவாங்க, ரெண்டு கோச்சும் கத்துவாங்க, நீங்க மட்டும் கல்லு மாதிரி நிக்கணும்.

வேற நாட்டு அம்பயர்மாருக்கு இல்லாத ஒரு தலைவலி நமக்கு இருக்கு. நம்ம பிள்ளைங்க எல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்ததுங்க. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? கிரிக்கெட்ல அம்பயர் கை மேல போனா கதை முடிஞ்சுது. இங்க ஸ்ட்ரைக்குன்னு காட்டவும் நம்ம கை மேல போகுது. அதைக் கண்டதும் பிள்ளை பேட்டை அக்குளுக்குள்ள செருகிக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, மரியாதையா நடந்து போயிடும். கெச்சர் பிள்ளை இருக்காளே, அவ விக்கெட் கீப்பர் பார்த்துப் பழகினவ. கையில பந்து வந்ததும் அது மண்ணில பட்டுச்சா இல்லையான்னு யோசிக்க மாட்டா, ஆகாயத்துல எறிஞ்சிட்டுக் குதிப்பா. ரெண்டு பக்கமும் ஆட்டம் முடிஞ்சுதுன்னு நினைக்கும். முடியலன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். எனக்கு முதல்ல சிரிப்பா வரும், அப்புறம் பயமா இருக்கும்.

இப்ப நாவுலயில நடந்ததைச் சொல்றேன்.

யுத்தம் முடியறதுக்கு முந்தின வருஷம். பஸ்ல மடியில பை வச்சிருந்தாலே பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிற காலம். நாவுலயில மகளிர் ஆட்டம் ஒண்ணு, ஜெயிக்கிற பாடசாலை கண்டிக்கு மாகாணப் போட்டிக்குப் போகும். அது சிங்கள ஊர், ஒரு பக்கம் நாவுலப் பிள்ளைங்க, இன்னொரு பக்கம் மாத்தளைக்கு மேல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை. பிளேட்ல நான். பேஸ் அம்பயர் சுனில் சேர். அவர் நாவுலக்காரர், விளையாட்டு ஆசிரியர், பேச்சு குறைவு. நான் பேசுறதுக்கும் அவர் பேசாததுக்கும் சரியாப் போயிடும்.

மாத்தளையில இருந்து பஸ்ல போறேன். வழியில செக் பொயின்ட், எல்லாரையும் இறக்குறாங்க. ஒரு ஆமிக்காரத் தம்பி என் அடையாள அட்டையை வாங்கினான், தமிழ்ப் பேரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பையைத் திறன்னான். திறந்தா மேலயே கிடக்குது என் நெஞ்சுக் கவசம். அதைப் பார்த்தா அவன் போட்டிருக்கிற குண்டு துளைக்காத சட்டைக்குத் தம்பி மாதிரிதான் இருக்கும்! அவன் முகம் மாறிடுச்சு. இன்னொருத்தனைக் கூப்பிடுறான். என்ன சொன்னாலும் நம்ப மாட்டான்னு தெரிஞ்சுது. கவசத்தைக் கட்டி, மாஸ்க்கைப் போட்டு, நடு ரோட்டுல குந்தி, 'ஸ்ட்ரைக்!'னு ஒரு சத்தம் விட்டுக் கையை உயர்த்திக் காட்டினேன். பஸ் சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அவனுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "போங்க டீச்சர், யார் ஜெயிச்சாங்கன்னு திரும்பி வரும்போது சொல்லிட்டுப் போகணும்"னு சிங்களத்துல சொல்லி அனுப்பினான்.

நாவுல கிரவுண்ட்ல புல்லு வேற மண் வேறன்னு கிடையாது, எல்லாமே மண்தான். பிளேட்டைச் சுத்தி வட்டம் போட சுண்ணாம்பும் இல்ல. நான் ஒரு பேட்டைத் தலைகீழாப் பிடிச்சு, அதோட அடியால மண்ணில ஒரு வட்டம் கீறினேன். ரெண்டு கோச்சையும் ரெண்டு கேப்டனையும் கூப்பிட்டு அதைச் சுத்தி நடக்க வச்சேன். "மூணாவது பந்து விழுந்தா, இந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கிற வரைக்கும் பிள்ளை ஓடலாம். தாண்டினா போச்சு." நாவுல கோச் சிரிச்சார். பெரிய மீசைக்காரர், நல்ல மனுஷன், ஆனா தோற்கத் தெரியாதவர். "டீச்சர் கோலம் போடுறாங்க"ன்னார். "கோலம்னே வச்சுக்கங்க சேர், அழிக்காம விளையாடச் சொல்லுங்க"ன்னேன்.

இன்னொரு பழக்கம் எனக்கு உண்டு. மூணாவது பந்து மண்ணில பட்டா, ஸ்ட்ரைக்குக்குக் கையை உயர்த்தின கையோட, ரெண்டு கையையும் பக்கவாட்டுல அகல விரிச்சு, 'நோ கேட்ச்'னு கத்துவேன். எந்த இன்னிங்ஸா இருந்தாலும் சரி, எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. அன்னைக்கு மூணாவது இன்னிங்ஸ்ல நாவுலப் பிள்ளை ஒருத்திக்கு அப்படி ஆச்சு. நான் கையை விரிச்சேன். அவ பார்க்கவே இல்ல, பேட்டை அக்குள்ல வச்சுக்கிட்டு வட்டத்தைத் தாண்டி நடந்தே போயிட்டா. அவுட் கொடுத்தேன். கோச் தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். பேஸ்ல யாரும் இல்லாத நேரம், அதனால அதை எல்லாரும் அங்கேயே மறந்தாங்க.

கடைசி இன்னிங்ஸ். தோட்டப் பிள்ளைங்க ஒரு ஓட்டம் பின்னால. ரெண்டு பேர் அவுட். ரெண்டாவது பேஸ்லயும் மூணாவது பேஸ்லயும் ஆள் நிக்குது. அடிக்கிறது யோகான்னு ஒரு பிள்ளை, ஒல்லியா, பேட்டை விட மெலிசா இருப்பா. ரெண்டு ஸ்ட்ரைக் ஆயிடுச்சு. மூணாவது பந்து தாழ்வா வருது, யோகா பேட்டை வீசுறா, படல. பந்து பிளேட்டுக்குப் பின்னால மண்ணில குத்தி எழும்பி, கெச்சர் பிள்ளை நில்மினியோட கிளவுஸுக்குள்ள போயிடுச்சு.

என் கை மேல போச்சு. உடனே ரெண்டு கையும் விரிஞ்சுது. 'நோ கேட்ச்!'

யார் கேட்டா? நில்மினி பந்தை ஆகாயத்துல எறிஞ்சிட்டா. நாவுலப் பிள்ளைங்க எல்லாம் ஓடி வந்து கட்டிப் பிடிக்குதுங்க. எல்லைக் கயித்துக்கு அந்தப் பக்கம் சனம் கூவுது. யோகா பேட்டை அக்குள்ல வச்சுட்டா, தலை குனிஞ்சிடுச்சு, மூணாவது பேஸ் பக்கம் இருந்த அவங்க பெஞ்சைப் பார்த்து நடக்குறா. அவ அழுதுக்கிட்டே நடந்தான்னு எனக்குத் தெரியும், தோள் குலுங்கினதைப் பார்த்தேன்.

மூணாவது பேஸ்ல நின்ன பிள்ளை மட்டும் என் கையைப் பார்த்திருக்கா. அவ பிளேட்டுக்கு ஓடி வர்றா, வரும்போதே, "ஓடுடி யோகா! முடியலடி, ஓடு!"ன்னு கத்துறா. யோகா நிமிர்ந்தா. அவ கால் என் கோட்டுக்கு ஒரு சாண் உள்ள இருந்துச்சு. நான் அவளையோ பந்தையோ பார்க்கல, அந்தக் காலை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பேட்டைப் போட்டா, திரும்பினா, முதல் பேஸுக்குப் பறந்தா. பந்து எங்கேயோ உருண்டு கிடக்குது, எடுக்க ஆளில்ல. அவளும், அவ சத்தம் கேட்டு ரெண்டாவது பேஸ்ல இருந்து ஓடி வந்தவளும் அந்தக் கோட்டு மேலேயே விழுந்து புரண்டு பிளேட்டைத் தொட்டாங்க. யோகா முதல் பேஸ்ல கால் வச்சா.

தோட்டப் பாடசாலைக்கு ரெண்டு ஓட்டம். ஆட்டம் அவங்களுக்கு.

அப்பதான் முதல் பேஸ் பக்கம் நின்ன சுனில் சேர் கையை மடக்கி உயர்த்தினார். "அவுட்! வட்டத்தைத் தாண்டிட்டா!"

ஒரே ஆட்டத்துல ரெண்டு அம்பயர், ரெண்டு தீர்ப்பு. இதை விடக் கேடு நம்ம தொழில்ல வேற இல்ல. ஒண்ணு மட்டும் அதிர்ஷ்டம், ஓட்டம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். நடுவுல சொல்லியிருந்தா அதை நம்பி யார் நின்னாங்க, யார் ஓடினாங்கன்னு பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதனால முதல்ல எப்பவும் அதைத்தான் யோசிங்க, பிழையான சத்தத்தால யாருக்காவது நட்டம் வந்துச்சான்னு. அன்னைக்கு வரல.

சனம் கயித்தைத் தள்ளிக்கிட்டு வருது. ஒரு ஆள் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சிங்களத்துல கேக்குறது என் காதுல விழுந்துச்சு. "அந்த அம்பயர் பொம்பளையோட பேர் என்ன?" யாரோ என் பேரைச் சொன்னாங்க. "ஆ, அப்படியா"ன்னான். அவ்வளவுதான், மீதியை அவன் சொல்லத் தேவையில்ல. யாரோ குடிச்சு முடிச்ச ஒரு செவ்விளநீர்க் கோம்பை பறந்து வந்து என் காலடியில விழுந்துச்சு.

கோச்மார் ரெண்டு பேரையும் கிட்ட வராதீங்கன்னு கையைக் காட்டிட்டு, சுனிலைக் கூட்டிக்கிட்டு ரெண்டாவது பேஸுக்குப் பின்னால போனேன். கோட்டைப் பார்க்கலாம்னா கோடே இல்ல, அந்தப் பிள்ளைங்க புரண்டதுல அழிஞ்சே போச்சு. இனி சாட்சி என் கண்ணு மட்டும்தான். அந்தக் கண்ணு தமிழச்சி கண்ணு.

"டீச்சர்," சுனில் மெல்லச் சொன்னார், "என் அவுட்டே நிக்கட்டும்."

"ஏன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தீர்ப்பு என்னுது, பழி என்னுது. நீங்க அவுட் இல்ல, சேஃப்னு கொடுத்தா எப்படி பஸ் ஏறுவீங்க? இது என் ஊர். இந்தச் சனத்தை எனக்குத் தெரியும்."

கேட்டுக்கங்க பிள்ளைகளா, அந்த மனுஷன் ஏமாத்தச் சொல்லல. என்னைக் காப்பாத்தப் பார்த்தார். அதுதான் கஷ்டம். கெட்டவன் வந்து கெட்டது சொன்னா திட்டி அனுப்பிடலாம், நல்லவன் நம்ம மேல இருக்கிற பாசத்துல சொன்னா என்ன செய்ய? நானும் மனுஷிதான். மாத்தளையில வீட்டுல என் மகள் காத்துக்கிட்டிருந்தா. சும்மா இருந்தாலே போதும், பொய் கூடச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு.

"சுனில், நீங்க என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். எப்பவும் இதைத்தான் கேக்கணும். என்ன சொல்லலாம்னு கேக்கக் கூடாது.

"முதுகைப் பார்த்தேன். போறதைப் பார்த்தேன்."

"கால்?"

அவர் பிளேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கால் தெரியல."

"எனக்குத் தெரிஞ்சுது. உள்ள இருந்துச்சு."

நான் விடாம கேட்டேன்.

"அந்தப் பிள்ளை நாவுலப் பிள்ளையா இருந்தா நான் என்ன கொடுத்திருப்பேன்?"

"சேஃப்"னார், யோசிக்காமலே.

"பிறகு என்ன?"

தொப்பியைக் கழட்டி வியர்வையைத் துடைச்சார். "சரி டீச்சர். ஆனா நீங்க சொல்லாதீங்க. பிழையாக் கூப்பிட்டது நான், திருத்துறதும் நான்தான். அதுவும் சிங்களத்துல, என் வாயால."

நான் மறிச்சேன், அவர் கேக்கல. தன் ஊர் சனத்துக்கு முன்னால, தன்னை நாளைக்கும் கடையில சந்தியில பார்க்கப் போறவங்களுக்கு முன்னால நடந்து போனார். நாவுல கோச்கிட்ட நின்னு கயித்தடி வரைக்கும் கேக்கிற மாதிரி சொன்னார். "நான் முதுகைப் பார்த்து அவுட் கொடுத்தேன். காலைப் பார்க்கல. டீச்சர் பார்த்தாங்க. பிள்ளை உள்ளதான் இருந்தா. என் தீர்ப்பு பிழை. சேஃப்."

நான் எத்தனையோ அம்பயர்மாரோட நின்னிருக்கேன். அந்த மாதிரி ஒரு நெஞ்சை நான் பிறகு பார்க்கல.

கோச் தொப்பியை நிலத்துல அடிச்சார். நேரா என்கிட்ட வந்தார். "டீச்சர், கையை விரிச்சு உங்க பிள்ளைக்குச் சிக்னல் கொடுத்தீங்க! அதனாலதான் ஓடினா!"

உங்க பிள்ளை. அந்த வார்த்தை சுட்டுச்சு, எனக்கும் கோவம் வந்துச்சு. ஆனா மாஸ்க்கைக் கழட்டிட்டு மெல்லத்தான் பேசினேன். "சேர், மூணாவது இன்னிங்ஸ்ல உங்க பிள்ளைக்கும் இதே கையைத்தான் விரிச்சேன். அவ பார்க்கல. நீங்க சிரிச்சீங்க."

அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு, கண்ணுல தெரிஞ்சுது. நில்மினி அவருக்குப் பின்னால நின்னு தேம்பிக்கிட்டிருந்தா. அவர் அவ தலையில கையை வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். எனக்குக் கை கொடுக்கல. கொடுக்கணும்னு நான் எதிர்பார்க்கவும் இல்ல, தோத்த வலி பெரிய வலி.

இதுக்குத்தான் சொல்றேன், முதல் இன்னிங்ஸ்ல இருந்தே கையை விரிங்க. யாருக்கும் தேவைப்படாத பந்துக்கும் விரிங்க. அன்னைக்குக் கடைசிப் பந்துக்கு மட்டும் நான் அதைச் செஞ்சிருந்தா, என்கிட்ட பதிலே இருந்திருக்காது. ஊர் வாயை மூட உலை மூடி இல்ல, ஆனா மூணாவது இன்னிங்ஸ் என் பக்கம் நின்னுச்சு.

தோட்டப் பிள்ளைங்க வந்த லொறி முதல்ல புறப்பட்டுப் போச்சு. நான் பஸ் ஸ்டேண்டுக்கு நடக்குறேன், பின்னால செருப்புச் சத்தம். பார்த்தா சுனில். "வீடு அந்தப் பக்கம்தானே?"ன்னேன். "மாத்தளையில ஒரு வேலை இருக்கு"ன்னார். என்ன வேலை, பொய்தான்! ஞாயித்துக்கிழமை பின்னேரம் மாத்தளையில என்ன வேலை? பஸ்ல என் பக்கத்துல நின்னுக்கிட்டே வந்தார்.

செக் பொயின்ட்ல அதே ஆமிக்காரத் தம்பி. "ஆ, டீச்சர்! யார் ஜெயிச்சாங்க?"

பஸ்ல பாதிப் பேர் நாவுல சனம். எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. "தோட்டத்துப் பிள்ளைங்க"ன்னேன்.

அவன் என் அடையாள அட்டையைக் கையில வச்சுக்கிட்டு, பேரை இன்னொரு தடவை பார்த்தான். "சரியாத்தான் ஜெயிச்சாங்களா?"ன்னான்.

எனக்கு முந்தி சுனில் பதில் சொன்னார். "சரியாத்தான் ஜெயிச்சாங்க. நானும் அங்க அம்பயர். நாவுலக்காரன்."

அட்டை என் கைக்குத் திரும்பி வந்துச்சு.

அந்தப் பிள்ளைங்க கண்டிக்குப் போய் முதல் ஆட்டத்துலயே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தாங்க. ஆனா கண்டி வரைக்கும் போனாங்க இல்ல? யோகாவோட தோட்டத்துல அதைப் பத்தி ரொம்ப நாள் பேச்சா இருந்துச்சாம்.

அடுத்த வருஷம் அதே ரெண்டு பாடசாலை, அதே கிரவுண்ட். யுத்தம் முடிஞ்சிருந்துச்சு. மனசுக்குள்ள எல்லாம் முடிஞ்சுதான்னு கேக்காதீங்க. அம்பயர் யாரைப் போடுறதுன்னு கூட்டம் நடந்தப்போ என்னைக் கூப்பிட மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். மீசைக்காரக் கோச் எழும்பி, "பிளேட்ல அந்த டீச்சர்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

ஆட்டத்தன்னைக்குக் கிரவுண்டுக்குப் போனா, பிளேட்டைச் சுத்தி சுண்ணாம்புல தடிப்பா ஒரு வட்டம். "கோலம் நாங்களே போட்டுட்டோம் டீச்சர்"ன்னார் அவர்.

நாலாவது இன்னிங்ஸ், முதல் பேஸ் காலி. அடிக்க நின்னது நில்மினி. மூணாவது ஸ்ட்ரைக், பந்து மண்ணில. என் கை மேல போச்சு.

யாரும் குதிக்கல, யாரும் நடக்கல. நில்மினி என் கையைப் பார்க்குறா. தோட்டப் பாடசாலை கெச்சர் பந்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு என் கையைப் பார்க்குறா. ரெண்டு பெஞ்சும் பார்க்குது. கயித்தடியில அதே சனம் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது.

கையை விரிச்சேன். நில்மினி பறந்தா. பந்தும் பறந்துச்சு. அந்த வருஷமும் முதல் பேஸ்ல நின்ன சுனில் குனிஞ்சு அவ காலைப் பார்த்துக்கிட்டே இருந்தார், பார்த்துட்டுக் கையை மடக்கினார். அவுட். மயிரிழையில அவுட்.

நாவுல சனம் 'ஐயோ'ன்னு ஒரு பெருமூச்சு விட்டுது, விட்டுட்டு உட்கார்ந்துடுச்சு. அன்னைக்கு ஆட்டம் முடியும் வரைக்கும் என் பேர் என்னன்னு யாரும் யார்கிட்டயும் கேக்கல.